ஊர் கூடிக் காக்கும் அமைதி

டீலோஸுக்கு விமானம் கிடையாது. ரோட்ஸ் தீவில் இறங்கி, அங்கிருந்து கப்பல் பிடித்துத்தான் போகவேண்டும். இரண்டரை மணி நேரம் போல ஆகும். ஏதென்ஸ் பக்கமிருந்து வருவதென்றால் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி ஒரு இரவு முழுக்கக் கப்பலில் கழியும். அந்தக் கப்பலும் நினைத்த நேரத்துக்கெல்லாம் இருக்காது. ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று வலுத்தால் இருக்கிற கப்பலும் தள்ளிப்போகும். பயணத் திட்டம் போடும்போது இதையெல்லாம் படித்துவிட்டு என் கணவர் கேட்டார், "இவ்வளவு சிரமப்பட்டுப் போகணுமா?" இந்தச் சிரமம் இருப்பதால்தான் அந்தத் தீவில் கூட்டம் இல்லை என்றேன். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அங்கே இருக்கும் மனிதர்கள். அந்த அமைதி ஏதோ கடலுக்குள் ஒதுங்கிக் கிடந்ததால் தானாக வாய்த்தது இல்லை. அவர்கள் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவுகளால் நின்றிருக்கிறது. அதைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று அங்கே இருந்தபோதே தோன்றிவிட்டது.

நாங்கள் குடியிருப்பது ஜெர்மனியில். கோடைக்கு எங்களோடு தங்க சிவகங்கையிலிருந்து அத்தை, என் கணவரின் அம்மா, வந்திருந்தார். அவருக்கு எடுத்திருந்த ஷெங்கன் விசாவிலேயே கிரீஸுக்கும் போய்வரலாம். பத்து வயதில் மகள், ஏழு வயதில் மகன், முழங்கால் வலியோடு அத்தை. இந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற எல்லோருக்கும் தெரியும். சாண்டோரினியில் படி ஏறி இறங்கியே அத்தைக்குப் பொழுது போய்விடும். மிக்கோனோஸில் எங்களுக்கு வேலையே இல்லை.

டீலோஸ் துருக்கிக் கடற்கரைக்குப் பக்கத்தில், கோஸுக்கும் ரோட்ஸுக்கும் நடுவே இருக்கிறது. அறுபது சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி 780 பேர். குளிர்காலத்தில் அதிலும் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஆட்டைவிட ஆள் குறைவு என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். சாலையில் போனால் அது புரியும். வளைவில் வண்டி திரும்பினால் நடுரோட்டில் ஆடு நிற்கும். ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார்.

கப்பல் வந்து நிற்கும் லிவாதியாதான் இப்போது பெரிய ஊர். ஒரு வளைகுடா, அதன் ஓரமாக நீளும் நடைபாதை, அதையொட்டிச் சில டவர்னா உணவகங்கள், தங்கும் வீடுகள், மளிகைக் கடைகள், பேக்கரி, ஒரு சதுக்கம். துறைமுகத்தருகே வளைவுகளோடு நிற்கும் காவல் நிலையம் இத்தாலியர் காலத்துக் கட்டடம். 1912-இல் இந்தப் பகுதித் தீவுகளைத் துருக்கியரிடமிருந்து இத்தாலி பிடித்தது. கிரீஸோடு முறைப்படி சேர்ந்தது 1948-இல்தான். தலைநகரம் என்று பெயர் வாங்கியிருப்பது மெகாலோ ஹோரியோ, உள்ளே மலைச்சரிவில் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து எரிஸ்டோஸ் கடற்கரைக்கும் ஆயோஸ் அந்தோனியோஸ் என்ற மீனவர் துறைக்கும் சாலை பிரியும். இவ்வளவையும் இணைப்பது ஒரே ஒரு பேருந்து. இரண்டாம் நாளே ஓட்டுநருக்கு என் பிள்ளைகளை அடையாளம் தெரிந்துவிட்டது.

லிவாதியாவில் கடற்கரை கூழாங்கல். சின்னப் பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு அவசியம். மணல் வீடு கட்ட முடியாதே என்று மகன் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பிறகு கல் பொறுக்க ஆரம்பித்தான். ஒரே அளவில் வெள்ளைக் கல், சாம்பல் கல், சிவப்புக் கோடு போட்ட கல் என்று பிரித்து அடுக்குவான். நனைத்தால் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்று அவனாகவே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் கடலில் முக்கி எடுத்து வந்து அத்தையிடம் காட்டுவான். தமரிஸ்க் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அத்தை, ஒவ்வொரு கல்லையும் வாங்கிப் பார்த்து, "இது நல்லாருக்குப்பா" என்று ஏதாவது சொல்லித் திருப்பிக்கொடுப்பார். காலை முழுக்க இதுதான் நடக்கும். யாருக்கும் சலிக்கவில்லை. வீட்டில் இருக்கும்போது இந்த இரண்டு பேரும் இப்படி ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீச்சல் வகுப்பு, பியானோ வகுப்பு, என் அலுவலகம், கணவர் அலுவலகம் என்று ஓடுகிற ஓட்டத்தில் அப்பத்தாவும் பேரனும் சும்மா உட்கார நேரமே வைப்பதில்லை.

சாயங்காலச் சதுக்கம் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். எட்டு மணிக்கு வெயில் தணிந்ததும் மொத்த ஊரும் வந்துவிடும். பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் பந்து, சைக்கிள், ஓட்டம். இரவு பதினொன்றுக்கும் ஆறு வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அதட்டி வீட்டுக்கு இழுக்கமாட்டார்கள். முதல் நாள் என் மகள் எங்கள் மேசையை விட்டு நகரவில்லை. மறுநாள் பந்து அவள் காலடியில் வந்து நின்றது, எத்திவிட்டாள். அதன்பிறகு சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. மொழி தெரியாத பிள்ளைகள் எப்படி விளையாட்டு விதிகளைப் பேசி முடிக்கிறார்கள் என்பதை நான் பக்கத்திலிருந்து கவனித்தேன். ஒருத்தி கையால் காட்டுகிறாள், இன்னொருத்தி தலையாட்டி மறுக்கிறாள், மூன்றாமவள் நடித்துக் காட்டுகிறாள், அரை நிமிடத்தில் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

அடுத்தடுத்த நாள்களில் அவளிடம் சில்லறை கொடுத்து பேக்கரிக்குத் தனியாக அனுப்பினேன். பத்து நிமிட நடை. தம்பியும் கூடப் போனான். வழியில் யாராவது ஒரு பாட்டி நிறுத்தி ஏதாவது கேட்பார்; கையில் ஒரு அத்திப்பழத்தோடு திரும்பி வருவார்கள். சிவகங்கையில் என் சின்ன வயதில் நான் அப்படித்தான் கடைக்குப் போய்வந்தேன். என் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமலே போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் இருந்த கவலை கொஞ்சமில்லை. பணம் கொடுத்து எத்தனையோ விடுமுறை வாங்கலாம். ஒரு ஊரே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எங்கேயும் விலைக்குக் கிடைப்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் டீலோஸுக்கு நன்றி சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பயம் இருந்தது. நாங்கள் போனது ஆடி மாதம். ஆடியில் அத்தை கவிச்சி தொடமாட்டார். கிரீஸில் போய் என்ன செய்வது என்று ஒரு பெட்டி நிறையப் பொடியும் ஊறுகாயும் எடுத்து வைத்திருந்தோம். பெரும்பாலும் அது தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை கிரேக்கத் திருச்சபையினருக்கும் விரதம். 15-ஆம் தேதி மாதாவின் பெருவிழா. அதற்கு முந்தைய இரண்டு வாரம் இறைச்சி, பால், முட்டை ஒதுக்குவார்கள். எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் டவர்னா சமையலறையில் அந்த நாள்களில் காய்கறித் தட்டுகள் கூடுதலாக இருக்கும். அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் சீமைச் சுரைக்காயும் ஆலிவ் எண்ணெயில் வெந்த பிரியாம், மசித்த பருப்பின் மேல் வெங்காயம் தூவிய ஃபாவா, கீரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்த ஹோர்தா. கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கும் ரெவிதோகெஃப்தேதெஸ் நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அத்தை தினம் ஒரு தட்டு கேட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டவர்னாவில் ஒரு அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், ஒரு காலை வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார். சின்னச் சின்ன வெண்டைக்காய். காம்பை மட்டும் கூம்பாகச் சீவி, விதை வெளியே தெரியாமல் விடுகிறார். பிறகு பெரிய தட்டில் பரப்பி, வினிகர் தெளித்து, உப்புப் போட்டு வெயிலில் வைத்தார். அத்தை அங்கேயே நின்றுவிட்டார். எதற்கு இது என்று சைகையில் கேட்க, அந்த அம்மா இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார்: கொழகொழப்பு போக. அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் மோர் ஊத்துவேன்னு சொல்லு, சொல்லு" என்று என் தோளைத் தட்டினார். என் அரைகுறை ஆங்கிலமும் கைபேசி மொழிபெயர்ப்பும் சேர்ந்து அதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த அம்மா மோர் என்பதைக் கேட்டு யோசித்து, வாயால் ஒரு சத்தம் எழுப்பி, தலையசைத்தார். அன்று மதியம் தக்காளியில் வெந்த அந்த வெண்டைக்காய் எங்கள் மேசைக்கு வந்தது, கணக்கில் சேர்க்காமல். அதன்பிறகு அத்தைக்கு அந்தச் சமையலறைக்குள் போகத் தடையே இல்லை. இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் உறங்கும். கடைகள் சாத்தியிருக்கும், சத்தம் போடக்கூடாது. முதலில் பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று தவித்தோம். நாலைந்து நாளில் அவர்களே புத்தகத்தோடு படுத்துவிட்டார்கள்.

மகனுக்கு டீலோஸ் என்றால் யானைதான். 1971-இல் ஹர்காதியோ என்ற குகையில் நிக்கோலாஸ் சிமியோனிதிஸ் என்ற தொல்லுயிரியலாளர் தோண்டியபோது யானை எலும்புகள் கிடைத்தன. எல்லாம் குள்ள யானைகள். ஆதியில் நாலு மீட்டர் உயரம் வளர்ந்த பெருயானைகளின் வழிவந்தவை. தீவில் மாட்டிக்கொண்ட பிறகு, தின்பதற்குக் கிடைப்பது குறைவு, பயந்து ஓடவேண்டிய விலங்கும் இல்லை. பெரிய உடம்பால் நன்மை ஒன்றும் இல்லாமல் போய், தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, வளர்ந்த யானையே ஒரு ஆளின் உயரத்துக்குள் அடங்கிவிட்டது. 2007-இல் இதைத் தனி இனம் என்று வரையறுத்து, தீவின் பெயராலேயே பேலியோலோக்ஸோடான் டிலியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் என்று கருதப்படுகிறது. குகைக்குள் நம்மை விடுவதில்லை. எலும்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்தில் மகன் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் நின்று தன் முழங்கையை அளவு வைத்துப் பார்த்தான். பிறகு அப்பத்தாவிடம் ஓடி, "என்னால அதோட முதுகுல ஏற முடியும், யாரும் தூக்கிவிட வேணாம்" என்றான். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரரான அத்தைக்கும் அந்த யானைகளை விட்டுவர மனமில்லை.

இதே தீவில் ஒரு கவி இருந்தாள். எரின்னா. கி.மு. நான்காம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். அவள் ஊர் எது என்று பழைய காலத்தில் வேறுவேறு பெயர்கள் சொன்னாலும் டீலோஸ் என்பதைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். கல்யாணமான கையோடு செத்துப்போன தன் தோழி பௌக்கிஸை நினைத்து அவள் எழுதிய முந்நூறு அடி நீளக் கவிதையின் கிழிந்த துண்டுகள் 1928-இல் எகிப்தில் ஒரு பாப்பிரஸில் கிடைத்தன. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் மகளுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு சிறுமிகள் சேர்ந்து விளையாடியது, பொம்மை வைத்துக் குடும்பம் நடத்தியது, மோர்மோ என்ற பூச்சாண்டிக்குப் பயந்தது என்று எல்லாம் சின்ன வயது ஞாபகங்கள். நடுவில் ஒருத்தி ஆமையாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் சுற்றிவந்து கேள்வி கேட்க, சட்டென்று ஆமை எழுந்து ஒருத்தியைத் தொடுகிற விளையாட்டும் அதில் வருகிறது. அந்த மோர்மோவுக்குத் தலையில் பெரிய காதுகள், நாலு காலில் நடக்கும் என்று நான் சொன்னதும் மகன் எழுந்து உட்கார்ந்தான். "பெரிய காது, நாலு கால். அம்மா, அது யானைதான்!" எரின்னாவின் காலத்துக்குள் யானைகள் மறைந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிவிட்டது என்று நான் விளக்கினேன். "எலும்பைப் பார்த்திருப்பாங்க" என்றான். அவனுக்கு அதற்குமேல் நான் பதில் சொல்லவில்லை. அந்த எண்ணம் அவனிடமே இருக்கட்டும். மகள் அன்று சாயங்காலம் சதுக்கத்தில் அந்த ஆமை விளையாட்டைத் தீவுச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்து, தானே நடுவில் உட்கார்ந்தாள். டீலோஸ்காரி ஒருத்தி எழுதியது டீலோஸ் பிள்ளைகளிடம் எங்கள் பெண் வழியாகப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

லிவாதியாவிலிருந்து மேலே ஏறினால் மிக்ரோ ஹோரியோ. ஆளில்லாத கிராமம். கடற்கொள்ளையருக்குப் பயந்து கடலிலிருந்து ஒளிந்து மலைக்குள் கட்டிய ஊர். கொள்ளையர் பயம் போனபின் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே லிவாதியாவுக்கு இறங்கியது. 1960-களுக்குள் ஊர் காலி. போகும்போது கூரை மரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் அந்தத் தீவில் மரம் அவ்வளவு அரிது. கூரை போன வீட்டுக்குள் இப்போது அத்திமரம் நிற்கிறது. சுவரில் மாடம், அடுப்பு இருந்த மூலை, நிலைப்படி எல்லாம் அப்படியே இருக்கின்றன. கோயிலை மட்டும் வெள்ளையடித்துப் பராமரிக்கிறார்கள். கோடை இரவுகளில் ஒரு வீட்டைச் சீர்செய்து மதுக்கூடம் நடத்துகிறார்கள், இடிந்த வீடுகளுக்குள் விளக்கு வைத்து. நாங்கள் போனது அத்தையை வீட்டில் விட்டுவிட்டு, அதிகாலையில். மகள் ஒரு வாசலில் நின்று, "இவங்க ஏன்மா திரும்பி வரல?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் டீலோஸின் கேள்வி. 1990-களில் மொத்தத் தீவிலும் முந்நூறை ஒட்டித்தான் ஆள் இருந்தார்கள். இளைஞர்கள் ரோட்ஸுக்கும் ஏதென்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இந்த நிலையில் மற்றத் தீவுகள் செய்ததைச் செய்திருக்கலாம்: பெரிய ஹோட்டல்களுக்கு இடம் கொடுத்து, விமான நிலையம் கேட்டு, மே முதல் செப்டம்பர் வரை கூட்டத்தை நிரப்பி. டீலோஸ் வேறு வழியில் போனது. தாசோஸ் அலிஃபெரிஸ் என்ற மருத்துவர் அங்கே மேயராக வந்தார். 1993-இல் தீவு முழுக்க வேட்டைக்குத் தடை வந்தது. கிரேக்கக் கிராமங்களில் வேட்டை எவ்வளவு ஊறிப்போன பழக்கம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது எத்தனை பெரிய காரியம் என்று புரியும். இன்று மலைப்பாதையில் நடந்தால் காலடியிலிருந்து கவுதாரிக் கூட்டம் எழும்புகிறது. இராசாளிப் பருந்து கூடு கட்டுகிறது. எலனோரா வல்லூறு ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு வருகிறது. துப்பாக்கி வெடிக்காத மலையில் பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டு நாங்கள் நிம்மதியாகப் பின்னால் போனோம். பறவை பார்க்கவும் நடக்கவும் வருகிறவர்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருவதால் தீவுக்கு வருமானம் இரண்டு மாதத்தோடு முடிந்துபோவதில்லை.

அதே அலிஃபெரிஸ் 2008-இல் இரண்டு ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் திருமணம் செய்துவைத்தார். கிரீஸில் அப்படி நடந்த முதல் திருமணங்கள் அவை. நீதிமன்றம் பிறகு செல்லாது என்றது. 2024-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதை அனுமதித்தது. அவர் 2012-இல் காலமானார். அவருக்குப் பின்னாலும் அந்தத் துணிச்சல் நிற்கவில்லை. மரியா கம்மா மேயராக இருந்தபோது, கடல் கடந்து உயிர் பிழைத்து வந்த சிரியக் குடும்பங்களைத் தீவு தங்கவைத்து, வேலைக்கும் பள்ளிக்கும் வழி செய்தது. எண்ணூறு பேர்கூட இல்லாத ஊர் அது.

மின்சாரம் முன்பெல்லாம் கோஸ் தீவின் எண்ணெய் நிலையத்திலிருந்து கடலுக்கடியில் கிடக்கும் கேபிளில் வந்தது. கேபிள் பழுதானால் ஊர் இருட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியில் இங்கே 800 கிலோவாட் காற்றாலை ஒன்றும், 160 கிலோவாட் சூரியத் தகடுகளும், அதோடு பெரிய பேட்டரி நிலையமும் வைத்தார்கள். பெரிய செய்தி அந்தப் பேட்டரிதான். கப்பலைத் தள்ளிப்போடுகிற அதே மெல்டெமி, இரவு யாரும் விளக்குப் போடாத நேரத்திலும் காற்றாலையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அதைச் சேர்த்துவைத்து சாயங்காலம் எடுத்துக்கொள்கிறார்கள். 2017-இல் இதற்கு ஐரோப்பிய விருதும் கிடைத்தது.

விருந்தாளிக்குக் கண்ணில் படுவது குப்பை விஷயம். தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாது! 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், பழைய குப்பைமேட்டையும் மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பை கொடுத்து வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். மக்குவது ஒன்றில், மறுசுழற்சிக்குப் போவது ஒன்றில், எதற்கும் ஆகாதது ஒன்றில். பையில் கியூஆர் குறியீடு இருக்கும். எந்த வீடு எப்படிப் பிரிக்கிறது என்று தெரிந்துவிடும். தங்கவந்தவர்களும் இதைச் செய்தாகவேண்டும். எங்கள் வீட்டில் மகன் இதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டான். ஆலிவ் கொட்டை எதில், தயிர்க் கிண்ணத்தின் மேல்தாள் எதில், அத்தையின் ஊறுகாய்ப் பொட்டலம் எதில் என்று ராத்திரி அடுக்களையில் விவாதம். மூன்றாவது பை மட்டும் கொஞ்சமாகத்தான் நிறையவேண்டும் என்பது அவன் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்தப் பை நிறைந்தபோதெல்லாம் பார்த்தால், அதில் கிடந்ததில் பாதி நாங்கள் வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுபோன பொருள்களின் உறைகள். வெண்டைக்காயும் தக்காளியும் வாங்கிவந்ததில் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்தச் சதுக்கமும் புரிந்தது. பிள்ளைகள் இரவு பதினொன்று வரை ஓடி விளையாட முடிகிறதென்றால், அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் போடாததுதான் காரணம். கடற்கரையில் நிழல் குடைகளை அடைத்து வாடகைக்கு விடாததால் அத்தைக்கு மர நிழல் கிடைத்தது. பேக்கரிக்கும் டவர்னாவுக்கும் முதலாளி அந்த ஊரில் குடியிருக்கிறவர், அதனால் என் பிள்ளைகள் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ரோட்ஸிலிருந்து திரும்பும் விமானத்தை, கப்பல் வந்து சேரும் அதே நாளில் போடவேண்டாம்; ஒரு இரவு இடைவெளி விடுங்கள். காற்று அடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு வெளியூரில் இருக்கும் டீலோஸ்காரர்கள் எல்லோரும் வருவார்கள், அதனால் கப்பல் சீட்டும் வீடும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தீவில் சிறு மருத்துவ நிலையம் உண்டு, பெரிய சிகிச்சைக்கு ரோட்ஸுக்குத்தான் போகவேண்டும்; தொடர்ந்து மருத்துவர் கண்காணிப்பு வேண்டியவர்களை அழைத்துப்போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாத்திரைகளைக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கடை, கூட்டம், இரைச்சல் வேண்டும் என்றால் கோஸ்தான் சரி. மணல் வேண்டும் என்கிற சின்னப் பிள்ளைகளுக்கு எரிஸ்டோஸ் இருக்கிறது. நீளக் கடற்கரை, நிழலுக்கு மரம், சாயங்காலம் காற்று கொஞ்சம் அதிகம். மயில் பார்க்க ஆசைப்பட்டால் பிளாக்கா கடற்கரைக்குப் போங்கள். அங்கே மயில்கள் மரத்தடியில் திரிந்துகொண்டிருக்கும். முருகன் வந்த வழி என்று அத்தை ஒரு இறகை எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை எப்போது என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. ஜூலை 27 ஆயோஸ் பந்தலேயிமோனாஸ் மடத்துத் திருவிழா. மலைக்கு மேல் கடலைப் பார்த்த மடம், ஊரே கூடி ஆடும் என்று டவர்னா அம்மா சொன்னதிலிருந்து அத்தை அதற்குத்தான் போகவேண்டும் என்கிறார். மலைப்பாதைகள் எல்லாம் பூத்துக் கிடக்கும் ஏப்ரலில் போகலாம் என்பது கணவரின் கட்சி. பள்ளி விடுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு மகள் இரண்டு பேரிடமும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறாள். நான் அத்தை பக்கம்.